கை மருத்துவச்சியுடையது, பெயர் ரிஷியுடையது

வர்க்கலாவுக்கு ரயிலில் போனவர்கள் கவனித்திருக்கலாம். நிலையத்தின் பெயர்ப்பலகையில் ‘வர்க்கலா சிவகிரி’ என்று எழுதியிருக்கும். நாராயண குரு 1928இல் மறைந்த இடம் அந்தச் சிவகிரி. ஆனால் ரயிலை விட்டு இறங்கும் வெளிநாட்டுப் பயணிகளும் நம் ஊர் ஐ.டி. நண்பர்களும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆட்டோ பிடித்து நேராகக் கடலோரச் செம்பாறைக் குன்றுக்குப் போய்விடுவார்கள். யோகா ரிட்ரீட்டுகள் அங்கேதான் இருக்கின்றன. குன்றுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த அப்படியொரு இடத்தில் நான் பதினொரு மாதம் வேலை பார்த்தேன். பஞ்சகர்மா தெரபிஸ்ட் என்பது வேலையின் பெயர். பெண் விருந்தினர்களுக்கு எண்ணெய் தேய்ப்பது, கிழி வைப்பது, நெற்றியில் தாரை ஊற்றுவது என் பொறுப்பு.

நான் குமரி மாவட்டத்துக்காரி. என் சாதிச் சான்றிதழில் ‘மருத்துவர்’ என்று இருக்கும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்த தோழி ஒருத்தி, “உங்க சாதி பேரே டாக்டரா?” என்று கேட்டுச் சிரித்தாள். ஊரில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தாத்தாவை நாசுவன் என்றார்கள். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் குடிமகன் என்றார்கள். பாட்டிக்கு மட்டும் தொழில்தான் பெயர்: மருத்துவச்சி.

ஊரில் பிரசவம் பார்த்தது பாட்டிதான். வலி எடுத்தால் ராத்திரி எத்தனை மணியானாலும் ஆள் வரும். பின்வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே போய்விட்டால் எல்லாமே அவள் கையில்தான். அந்த வீட்டு மருமகளின் வயிறு, ரத்தம், பிள்ளையின் தலை, கொடி அறுப்பது எல்லாமே. அடுத்து வரும் நாட்களில் நொச்சியிலையும் புளியிலையும் ஆமணக்கிலையும் போட்டுக் காய்ச்சிய வேது வெள்ளத்தில் தாயைக் குளிப்பாட்டுவாள். எண்ணெய் தேய்த்து இடுப்பைக் கட்டுவாள். பிள்ளையைக் காலில் கிடத்தி நீவிவிடுவாள். தீட்டுக் கழிக்கும் நாள் வந்ததும் வீடு கழுவப்படும். கழுவி முடித்த வீட்டுக்குள் பாட்டி நுழையக் கூடாது. நெல்லும் ஒரு பழைய சேலையும் முற்றத்தில் வைத்துக் கொடுப்பார்கள். அவள் கை பட்டுப் பிறந்த பிள்ளை வளர்ந்து, அவளை “ஏ மருத்துவச்சி” என்று கூப்பிடும்.

ஒரு வருடப் படிப்புக்குச் சேர்ந்தபோது பாதிப் பாடம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. எண்ணெய் தேய்ப்புக்கு அப்யங்கம் என்று பெயர் போட்டிருந்தார்கள். வேது பிடிப்பது ஸ்வேதனம். பிள்ளைபெற்றவளைப் பார்த்துக்கொள்வது சூதிகா பரிசர்யை. பரீட்சையில் எனக்கு நல்ல மதிப்பெண். பாட்டி எழுதியிருந்தால் இன்னும் கூடுதலாக வாங்கியிருப்பாள், அவளுக்கு எழுதத்தான் தெரியாது.

ரிட்ரீட்டில் மாலைதோறும் சத்சங்கம் நடக்கும். விருந்தினர்கள் தரையில் அமர்ந்திருக்க, எல்லோரும் ஆசார்யா என்று அழைக்கும் ஒருவர் பேசுவார். நாங்கள் சுவரோரம் நிற்போம். ஒருநாள் ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, எழுத்தாளர்களைக் கேட்பதுபோல என்னைப் பார்த்து, இதை யாரிடம் கற்றாய் என்று கேட்டார். அவருடைய முதுகு வலியை இரண்டு வாரமாக நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். “என் பாட்டியிடம்” என்றேன். ஆசார்யா சிரித்துக்கொண்டே குறுக்கிட்டார். கை வெறும் கருவிதான், ஞானம் பிரம்மாவிடமிருந்து பிரஜாபதிக்கும், அவரிடமிருந்து அசுவினி தேவர்களுக்கும், பிறகு இந்திரனுக்கும், இந்திரன் வழியாக ரிஷிகளுக்கும் வந்தது என்று விளக்கினார். அந்த அம்மா குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என் பாட்டியின் பெயரை அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆசார்யா சொன்ன வரிசை பழைய நூல்களில் இருப்பதுதான். ஆனால் அதே அசுவினி தேவர்களைப் பற்றி வேதமே வேறு ஒரு கதை சொல்கிறது. அதை எந்தச் சத்சங்கத்திலும் நான் கேட்டதில்லை. தைத்திரீய சம்ஹிதையில் வருகிறது. வேள்வியின் தலை அறுந்துபோகிறது. ஒட்டவைக்க வைத்தியம் தெரிந்தவர்கள் வேண்டும் என்று தேவர்கள் அசுவினிகளிடம் வருகிறார்கள். அவர்கள் கூலியாகச் சோமபானத்தில் ஒரு பங்கு கேட்கிறார்கள். தேவர்களுக்குத் தயக்கம். மனிதர்களோடு மனிதர்களாகத் திரியும் வைத்தியர்கள் இவர்கள், அசுத்தமானவர்கள் என்கிறார்கள். சடங்கு செய்து சுத்தப்படுத்திய பிறகே அவர்களுக்குச் சோமம் கிடைக்கிறது. ஆகையால் பிராமணன் வைத்தியம் செய்யக் கூடாது என்று அந்தப் பகுதி விதியும் சொல்லிவிடுகிறது. படித்தபோது எனக்குப் பாட்டி வாங்கிய பழைய சேலை ஞாபகம் வந்தது. ஆபத்துக்கு வைத்தியச்சி வேண்டும், பந்தியில் அவள் கூடாது.

மனுஸ்மிருதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. வைத்தியன் கொடுக்கும் சோற்றைச் சீழுக்குச் சமமாக வைக்கிறது. சிராத்தத்துக்கு அழைக்கக் கூடாதவர்களின் பட்டியலிலும் வைத்தியனைச் சேர்க்கிறது. தேவிபிரசாத் சட்டோபாத்யாயா 1977இல் வெளியிட்ட ‘பண்டைய இந்தியாவில் அறிவியலும் சமூகமும்’ என்ற ஆங்கில நூலில் இதைத்தான் விரிவாகப் பேசினார். உடம்பைத் தொட்டு, பார்த்து, சோதித்து அறிவதைப் புரோகித மரபு வெறுத்தது என்பது அவர் வாதம். சுசுருத சம்ஹிதை பிணத்தை ஓடும் நீரில் ஊறவைத்து, அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்துப் படி என்று மாணவனுக்குச் சொல்லும் நூல். பிணத்தைத் தொட்டவனுக்குத் தீட்டு என்னும் ஊரில் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் அதே சுசுருதம், யாரை மாணவனாகச் சேர்க்கலாம் என்று வரும்போது மேல் மூன்று வருணங்களைத்தான் சொல்கிறது. நல்ல குடியில் பிறந்த சூத்திரனுக்கு மந்திரமும் உபநயனமும் இல்லாமல் கற்றுக்கொடுக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள் என ஒரு வரி சேர்க்கிறது, அவ்வளவுதான். கேரளத்தின் அஷ்டவைத்தியர்கள் பிராமணர்கள்தான். ஆனாலும் கத்தி எடுத்து ரத்தம் பார்த்ததால் நம்பூதிரிகளுக்குள்ளேயே ஒரு படி தாழ்த்தி வைக்கப்பட்டவர்கள்.

ஆக, இன்று வரவேற்பறையில் தன்வந்திரி சிலைக்கு விளக்கேற்றி விற்கப்படும் இந்த அறிவை, அது உழைப்பாக இருந்த காலம் முழுவதும் அசுத்தம் என்று தள்ளிவைத்தார்கள். யூரோவில் விலை சொல்லும் காலம் வந்ததும் அது ரிஷிகளின் சொத்தாகிவிட்டது.

அந்த விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாதவிலக்கு நாட்களில் நாங்கள் அதை ஏற்றக் கூடாது. வாடிக்கையாளருக்கு எண்ணெய் தேய்க்கலாம், அதற்குத் தடை இல்லை. அந்த மூன்று நாளும் விடுப்பு தந்திருந்தால் மூடநம்பிக்கை என்றாவது திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

பஞ்சகர்மா என்றால் என்ன என்று பலருக்குத் தெரிவதில்லை. இன்ஸ்டாகிராமில் வரும் படத்தில் நெற்றியில் எண்ணெய் ஒழுகும், பக்கத்தில் செம்பருத்திப் பூ இருக்கும். அதற்குத் தாரை என்று பெயர், அது ஐந்து கர்மங்களில் வராது. ஐந்தின் தலையானவை வமனம், விரேசனம், வஸ்தி. அதாவது வாந்தி எடுக்கவைப்பது, பேதி போகவைப்பது, ஆசனவாய் வழியாக மருந்து ஏற்றிக் கழியவைப்பது. மூக்கில் மருந்து விடும் நசியமும் உண்டு. பதினான்கு நாள் ‘சுத்திகரிப்பு’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பது இதைத்தான். உடம்பிலிருந்து வெளியே வருவது எங்கேயாவது போக வேண்டும் அல்லவா?

அது வாளியில் போகும். வாளியை எடுத்துக்கொண்டு போவது ஒரு சேச்சி. பக்கத்துக் காலனியிலிருந்து வருவார், புலையர் சமூகம், ஐம்பது வயது தாண்டியவர். வமனம் கொடுக்கும் நாளில் பாத்திரம் பிடிப்பதும், எத்தனை தடவை, எவ்வளவு, என்ன நிறம் என்று வைத்தியருக்குச் சொல்வதும் அவர்தான். அந்தக் கணக்கை வைத்துத்தான் வைத்தியர் சுத்தி நன்றாக நடந்ததா என்று முடிவு செய்வார். அப்படிப் பார்த்தால் சேச்சி பாதி வைத்தியர். ஆனால் அவருடைய பதவி ‘கிளீனிங்’. எண்ணெய் ஊறிய விரிப்புகளையும் அவர்தான் சோடா போட்டுக் கொதிநீரில் அலசுவார். எண்ணெய்த் துணியைச் சூட்டோடு குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். அதனால் ஒவ்வொன்றையும் விரித்துக் காயப்போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவரே. கையுறை கிடையாது. ஊழியர் சாப்பாட்டு அறையில் அவர் தட்டு தனியாக இருக்கும். யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை, அது அப்படியே இருந்தது.

விருந்தினர் பதினைந்தாம் நாள் கண்ணீரோடு கட்டிப்பிடித்து, உள்ளும் புறமும் சுத்தமானதாக உணர்கிறேன் என்பார். உண்மையாகத்தான் சொல்வார். அவர் உடம்பிலிருந்து போன அழுக்கு சேச்சியின் நகக்கண்ணில் இருக்கும். சாதிச் சமூகத்தில் சுத்தம் எப்போதும் இப்படித்தான் உற்பத்தியாகியிருக்கிறது. ஒருவர் சுத்தமாக வேண்டுமென்றால் இன்னொருவர் அதைச் சுமக்க வேண்டும். என் பாட்டி பிரசவ ரத்தத்தைச் சுமந்தாள், சேச்சி பேதி வாளியைச் சுமக்கிறார். ஐரோப்பியப் பெண்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை என்று நினைத்திருந்தேன். ஒரே ஒருவர் மட்டும் கடைசி நாளில் சலவைக் கட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போனார்.

சத்சங்கத்தில் எனக்கு மிகவும் கடுப்பானது குணங்களைப் பற்றிய வகுப்பு. சத்துவம், ரஜஸ், தமஸ் என்று மூன்று குணம். வாதம், பித்தம், கபம் என்று மூன்று தோஷம். இரண்டையும் ஆசார்யா ஒரே பலகையில் வரைவார். பிறகு மூன்றாவதாக வருணத்தைக் கொண்டுவருவார். அது பிறப்பல்ல, மனப்போக்கு, உங்கள் தோஷத்தைப் போல என்பார். குணத்தையும் கர்மத்தையும் வைத்து நான்கு வருணங்களையும் நானே படைத்தேன் என்று கீதையில் கிருஷ்ணன் சொல்லும் இடத்தைக் காட்டுவார். ஐரோப்பியர்கள் தலையாட்டுவார்கள். நான் எந்த தோஷம், நான் எந்த வருணம் என்று அவர்கள் விளையாட்டாகக் கேட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் க்ஷத்திரியர் அல்லது பிராமணர்தான், ஒருவருக்குக்கூடச் சூத்திர மனப்போக்கு வாய்க்கவில்லை. சாதி என்பது ராசிபலன் போல ஒரு ஆளுமைச் சோதனை ஆகிவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த அன்று என்னிடம் எந்த மனப்போக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் எந்த இடம், அப்பாவுக்கு என்ன வேலை என்றுதான் மேலாளர் கேட்டார்.

தமஸ் பட்டியலில் மீனும் மாட்டிறைச்சியும் வெங்காயம், பூண்டோடு சேர்ந்து இருக்கும். ஊழியர்கள் சோற்றுப் பாத்திரத்தில்கூட மீன் கொண்டுவரக் கூடாது. கடலைப் பார்த்துக்கொண்டு, மீனவர் வலை இழுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பருப்பும் பூசணியும் சாப்பிட்டோம். ஞாயிற்றுக்கிழமைகளில் சேச்சி வீட்டுக்குப் போனால் கப்பையும் மாட்டிறைச்சியும் கிடைக்கும். அப்போதுதான் சரக சம்ஹிதையின் மொழிபெயர்ப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தேன். சூத்திரஸ்தானத்தில் இருபத்தேழாம் அத்தியாயம், உணவுகளைப் பற்றியது. வாத நோய்களுக்கும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலுக்கும், வறட்டு இருமலுக்கும், உடல் தேய்ந்துபோனவர்களுக்கும் பசு இறைச்சி நல்லது என்று அதில் இருக்கிறது. சேச்சியிடம் சொன்னேன். “அப்போ நம்மள்தான் சரியான ஆயுர்வேதம், மோளே” என்றார்.

காலை யோகாவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு உரிமையில்லை, அந்த நேரத்தில் நான் எண்ணெய் சூடாக்கிக்கொண்டிருப்பேன். ஐயாயிரம் வருடப் பழமை என்று பலகையில் எழுதியிருந்ததில் பெரும்பகுதி, 1930களில் மைசூர் அரண்மனைப் பள்ளியில் கிருஷ்ணமாச்சாரியார் உருவாக்கிய பயிற்சி முறை. சூரிய நமஸ்காரத்தை உடற்பயிற்சியாகப் பரப்பியவர் அவுந்து சமஸ்தான ராஜா. ஹடயோகத்தின் மிகப் பழைய நூல்களில் ஒன்றான அம்ருதசித்தி பௌத்தச் சூழலில் எழுதப்பட்டது என்று ஜேம்ஸ் மாலின்சன் காட்டியிருக்கிறார். பழையதோ புதியதோ, முதுகு வளைந்தால் நல்லதுதான். அதற்கு வேத முத்திரை எதற்கு?

மருந்து அறிவு யாருடையது என்பதற்குக் கேரளத்திலேயே அச்சில் சாட்சி இருக்கிறது. டச்சுக்காரர் வான் ரீட் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளியிட்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ், மலபார்ச் செடிகளைப் பற்றிய பெருநூல். அதன் முதல் பாகத்தில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரின் சான்றுரை அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. தன் குடும்பத்துச் சுவடிகளிலிருந்து சொன்னவை இவை என்கிறார். கொங்கணிப் பிராமணர் மூவரும் அந்த வேலையில் இருந்தார்கள், அவர்களுடைய சான்றுரையும் உண்டு. ஆனால் செடியைக் காட்டி, பெயரும் பயனும் சொன்னதில் பெரும்பங்கு ஈழவ வைத்தியருடையது. இருநூறு வருடம் கழித்து அதே சமூகத்தில் பிறந்த பல்ப்பு சென்னையில் மருத்துவம் படித்துத் தேறிவிட்டுத் திருவிதாங்கூர் அரசிடம் வேலை கேட்டார். சாதியைச் சொல்லி மறுத்தார்கள். மைசூருக்குப் போய் அங்கே பிளேக் காலத்தில் வேலை பார்த்தார். 1896இல் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு மகாராஜாவுக்கு ஈழவர் மனுவை அனுப்பியவரும் அவர்தான். நம் பக்கத்தில் அயோத்திதாசப் பண்டிதரும் சித்த வைத்தியர். அவருடைய அரசியலைப் பேசும் நாம், அவர் நாடி பிடித்த கையைப் பற்றிக் குறைவாகத்தான் பேசுகிறோம்.

விடுமுறை நாளில் சிவகிரிக்கு நடந்து போவேன். ஆண்டுக் கடைசியில் மஞ்சள் உடையில் கூட்டம் கூட்டமாக வருவார்கள். அந்த யாத்திரைக்கு நாராயண குரு வகுத்துக் கொடுத்த எட்டு நோக்கங்களில் கல்வி, விவசாயம், வியாபாரம், கைத்தொழில் இவற்றோடு சுத்தமும் இருக்கிறது. முதலில் எனக்கு அது உறுத்தியது, இங்கேயுமா சுத்தம் என்று. பிறகு யோசித்தபோது வேறுபாடு தெரிந்தது. அசுத்தமானவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைப் பார்த்து, உன் சுத்தத்தை நீயே பார்த்துக்கொள், அதற்குப் புரோகிதன் வேண்டாம் என்று சொன்ன சுத்தம் அது. அதில் வாளி தூக்க இன்னொருவர் இல்லை. இதிலும் எனக்குச் சில கேள்விகள் உண்டு, அவை வேறு கட்டுரைக்கானவை.

இதையெல்லாம் சொன்னபோது இயக்கத் தோழர் ஒருவர், மொத்தமும் போலி மருத்துவம், விட்டுத்தள்ளு என்றார். முழுவதும் அவர் பக்கம் போக என்னால் முடியவில்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2008இல் ஜாமா இதழில் வந்த ஆய்வு, இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருப்பதைக் கண்டது. முற்பிறவி வினையால் நோய் வரும் என்று சரகம் சொல்வதையும் நான் நம்பவில்லை. புற்றுநோய்க்காரரிடம் எண்ணெயை நம்பச் சொல்பவர்களை ஜெயிலில்தான் போட வேண்டும். ஆனால் பிள்ளைபெற்ற பெண்ணின் இடுப்பு என் கையில் தளர்வதை நான் தினமும் பார்க்கிறேன். அது ரிஷி கொடுத்த ஞானமும் இல்லை, மோசடியும் இல்லை. பல தலைமுறைப் பெண்கள் செய்து பார்த்துக் கற்ற வேலை. அதை மூடநம்பிக்கை என்று நாம் கைவிட்டால், சமஸ்கிருதப் பெயர் சூட்டி எடுத்துக்கொள்ள ஆள் காத்திருக்கிறார்கள்.

பதினொன்றாவது மாதம் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மேலாளரிடம் போனோம். கையுறை, சம்பளச் சீட்டு, சேச்சிக்குத் தெரபி உதவியாளர் என்ற பதவி, எல்லோருக்கும் ஒரே தட்டு. நாலே கோரிக்கை. இது சேவை, கணக்குப் பார்க்கும் இடமல்ல என்றார். பதினான்கு நாளுக்கு ஆயிரத்து எண்ணூறு யூரோ வாங்குகிறீர்களே என்று ஒருத்தி கேட்டுவிட்டாள். அடுத்த வாரம் அவளையும் என்னையும் வரவேண்டாம் என்றார்கள். வீட்டுக் கடன் இருப்பதால் சேச்சி போகவில்லை, போகச் சொல்லவும் எனக்கு மனமில்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் இந்த டிசம்பருக்கு ரிட்ரீட் பதிவு செய்திருப்பீர்கள். ரத்து செய்யுங்கள் என்று சொல்லப்போவதில்லை, வலிக்கும் முதுகுக்கு அரசியல் தெரியாது. போனால் சலவைக் கட்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வாளி எடுப்பவரின் பெயரைக் கேளுங்கள், அவருக்குக் கையுறை இருக்கிறதா என்று பாருங்கள். சத்சங்கத்தில் வருணம் என்றால் மனப்போக்கு என்று யாராவது சொன்னால், அந்தக் கூடத்திலேயே எழுந்து நின்று கேளுங்கள். சுவரோரம் நிற்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை.

நான் இப்போது ஊரில் பிள்ளைபெற்ற வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டிவிடுகிறேன். முன்வாசல் வழியாகத்தான் போவேன், முதல் நாளே கூலியைச் சொல்லிவிடுவேன். போன மாதம் பாட்டி பிரசவம் பார்த்த ஒரு வீட்டில் நாற்பதாம் நாள் முடிந்ததும், அந்த வீட்டுப் பெரியம்மா மடித்த பழைய சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். “சேலை வேண்டாம் பெரியம்மா, ஜிபே நம்பர் மருமகளிடம் இருக்கு” என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. பணம் சாயங்காலம் வந்தது. சேச்சியும் அன்று போன் செய்தார். கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டார்களாம், ஒரே ஒரு ஜோடி.